நாக்கில்லாத கொக்கியும் சிவப்பு வைத்த பெட்டியும்

மீன் பிடிக்கும் கொக்கிகளில், மீனுக்கு வலிக்காமல் கழன்றுவிடக் கூடியவற்றைப் பார்த்துப் பொறுக்குவதுதான் மாரிக்கனியின் வேலை. அதையும் அவள் தண்ணீர் இல்லாத ஊரில் உட்கார்ந்து செய்கிறாள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், சீமைக் கருவேலங்காட்டுக்கும் ஒரு பழைய நூல் கிட்டங்கிக்கும் நடுவே, தகரம் வேய்ந்த ஷெட் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு பெண்கள் அங்கே பூச்சி கட்டுகிறார்கள். சேவல் இறகையும் பட்டு நூலையும் ஒரு குட்டிக் கொக்கியில் சுற்றிச் சுற்றி, தண்ணீரில் விழுந்த கொசுவைப் போலவோ ஈசலைப் போலவோ ஆக்குவது. பெட்டியில் அடுக்கினால் அவை கப்பல் ஏறும். குளிர்தேசத்து ஆறுகளில் புள்ளி போட்ட மீன் ஒன்று உண்டு. அது இதை நிஜப் பூச்சி என்று நம்பிக் கவ்வும். பிடித்தவர் அதைத் தூக்கிப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்.

ஷெட் திறந்த புதிதில் முதலாளி ராஜகுரு இதைச் சொன்னபோது பெண்களில் ஒருத்தியும் நம்பவில்லை. வயதில் மூத்தவள் சந்தனம்மாள் கேட்டேவிட்டாள்.

"விடுறதுக்கு எதுக்குண்ணாச்சி பிடிக்கணும்? கிறுக்கா பிடிச்சிருக்கு அவுகளுக்கு?"

ராஜகுரு தலையைச் சொறிந்தார். பதில் யுவராணியிடமிருந்து வந்தது.

"பொண்ணு பாக்க வர்றவுக மாதிரின்னு வச்சுக்கங்கத்தை. வருவாக. புரட்டிப் புரட்டிப் பாப்பாக. போட்டோ எடுப்பாக. போயிச் சொல்லி அனுப்புறோம்னு விட்டுட்டுப் போயிருவாக."

ஷெட்டே சிரித்தது. யுவராணியை அதுவரை நான்கு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தன. நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள்.

ஊருக்குள் இந்த இடத்துக்குப் பூச்சி கம்பெனி என்று பெயர். மாரிக்கனியின் புருசன் கோட்டைச்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். 'உம்ம வீட்டுக்காரம்மா பூச்சி கம்பெனியிலதானே, மிளகாய்ச் செடி சுருட்டிக்கிட்டு நிக்குது, நல்ல மருந்தா ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க' என்று ஸ்டாண்டில் மாதத்துக்கு ஒருவராவது அவரிடம் சொல்வார்கள். முதலில் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். பிறகு 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஷெட்டில் ஜன்னல் ஓரத்து நாற்காலி மாரிக்கனியுடையது. மற்றவர்களுக்கு முக்காலி, அவளுக்கு மட்டும் கை வைத்த நாற்காலி, தனி டியூப் லைட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் பூதக்கண்ணாடி ஒன்று. பத்தாவதோடு நின்றவள். பத்து வயதில் தாயோடு அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தாள். பதினெட்டில் நூல் மில்லுக்குப் போனாள். முப்பத்தைந்தில் மில் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இங்கே வந்தாள். கையில் சுத்தம் இருந்தாலும் பூச்சி கட்டுவதில் அவள் ஒன்றும் சூரப்புலி இல்லை. அவளுக்கு வாய்த்தது கண். கொக்கியைப் பார்த்ததும் நல்லது கெட்டது தெரிந்துவிடும் கண்.

கொக்கி உலகத்தில் எல்லாமே தலைகீழ். எண் பெரிதாகப் பெரிதாக உருப்படி சிறுக்கும். இருபதாம் நம்பர் என்றால் ஒரு சீரகத்தை எடுத்து வளைத்து வைத்தது போல இருக்கும். நூல் கட்டும் ஓட்டைக்குப் பெண்கள் வைத்த பெயர் காது. முனைக்குக் கொஞ்சம் கீழே, குத்தியது கழன்றுவிடாமலிருக்கப் பின்பக்கம் சாய்ந்து நிற்கும் பொடிச் செதிலுக்கு நாக்கு என்று பெயர். கண்மாயில் தூண்டில் போடுகிறவனுக்கு நாக்கில்லாத கொக்கியைக் கொடுத்தால் திட்டிவிட்டுத் தூக்கி எறிவான். இவர்களுக்கு வரும் ஆர்டரில் முக்கால்வாசி நாக்கில்லாததுதான். அந்த ஆறுகளில் நாக்குள்ள கொக்கி போட்டால் அபராதமாம். மீனின் வாய் கிழியக் கூடாதாம். முனையின் கூர்மையை மட்டும் குறைக்கவே கூடாது. குத்தத்தான் வேண்டும், ஆனால் பிடித்துக்கொள்ளக் கூடாது.

புதுச் சரக்கு வரும் நாள் மாரிக்கனிக்குக் கோயில் கொடை நாள் மாதிரி. வெள்ளைத் தாளை விரித்து, கொக்கி செய்யும் மூன்று கம்பெனிகளின் பாக்கெட்டுகளிலிருந்தும் பத்துப் பத்துக் கொக்கிகளைக் கொட்டுவாள். முதலில் நகம்: முனையைக் கட்டை விரல் நகத்தில் வைத்து இழுத்தால் வழுக்கக் கூடாது, கடிக்க வேண்டும். அடுத்தது வளைவு: இடுக்கியில் பிடித்து லேசாக நெம்பினால் தன் நிலைக்குத் திரும்ப வேண்டும்; நெம்பிய இடத்திலேயே நின்றாலும் ஆகாது, பட்டென்று ஒடிந்தாலும் ஆகாது. கடைசியாகப் பஞ்சு. மருந்துக்கடைப் பஞ்சு அவளுக்குப் பிடிக்காது. அம்மா இன்றைக்கும் கூலிக்குப் பருத்தி எடுக்கும் காட்டிலிருந்து மடியில் கொண்டுவரும் ஒரு பிடியைக் கொட்டை நீக்கி வைத்திருப்பாள். அதற்குள் கொக்கியை நுழைத்து எடுத்தால், நாக்கில்லாதது சும்மா வரும். நாக்கு என்று ஒரு தூசி அளவு இருந்தாலும் ஒரு இழையைக் கவ்விக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில் யுவராணியும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவாள். இருவருக்குள்ளும் ஒரு விளையாட்டு உண்டு. எது நல்ல சரக்கு என்று ஆளுக்கொரு பாக்கெட்டை மனசுக்குள் தேர்ந்துகொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிக் கையை வைப்பார்கள். பத்துத் தடவையில் ஒன்பது தடவை இரண்டு கையும் ஒரே பாக்கெட்டில் விழும்.

"எக்கா, நீங்க என் மூஞ்சியப் பாத்துத்தானே வைக்கிறீக?"

"போடி. உன் மூஞ்சியில என்னடி இருக்கு பாக்க?"

"அதச் சொல்லுங்க. நாலு குடும்பம் வந்து அதைத்தான் தேடிட்டுப் போச்சு."

பத்தாவது தடவை கை வேறு வேறு பாக்கெட்டில் விழும். பஞ்சையும் நகத்தையும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் யுவராணி வைத்ததுதான் சரியாக இருக்கும். மாரிக்கனி அதற்கும் சிரிப்பாள். சிரித்துவிட்டு நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். தான் அப்படித் தொட்டதுகூட அவளுக்கு அப்போது தெரியாது. இப்போது தெரிகிறது.

நாக்கில்லாததும் நாக்குள்ளதும் ஒரே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் பெட்டியில்தான் அலமாரியில் இருக்கும். பெட்டி மாறிவிடக் கூடாதென்று மாரிக்கனியே ஒரு வழி கண்டுபிடித்தாள். பஞ்சில் தேறிய நாக்கில்லாத பெட்டியின் மூடி நடுவில், தன் கைப்பையில் வைத்திருக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவாள். பச்சைப்பயறு அளவு, நெற்றியில் வைப்பது. 'சிவப்பு இருந்தா எடு, இல்லாட்டித் தொடாத' என்பது ஷெட்டின் சட்டமானது. சட்டம் போட்டவளுக்கே கொஞ்சம் பெருமையும் இருந்தது. எதற்கும் ஒருமுறை, பெட்டியைத் திறக்கும்போது இன்னொரு கொக்கியைப் பஞ்சில் விட்டுப் பார்ப்பதையும் அவள் விடவில்லை. ஒரே ஒரு நாள் தவிர.

போன வருஷத்துக்கு முந்தின ஆயுத பூசை. பெண்கள் ஷெட்டைக் கழுவி, இடுக்கி, கத்தரிக்கோல், நூல் கட்டை எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினார்கள். பொட்டு வைக்கும் உரிமை மாரிக்கனிக்கு. முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம். டியூப் லைட்டுக்கு வைத்தாள், தராசுக்கு வைத்தாள், ராஜகுருவின் பைக்குக்கும் ஹெல்மெட்டுக்கும் வைத்தாள். அலமாரிக்கு வந்தபோது சந்தனம் தீர்ந்துவிட்டது. ராஜகுரு சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல நேரம் முடியப் போகுதும்மா, சட்டுபுட்டுன்னு வச்சுட்டு வாங்க" என்று அவசரப்படுத்தினார். மிச்சத்தையெல்லாம் மாரிக்கனி வெறும் குங்குமத்தில் முடித்தாள். விரலை நனைத்துத் தொட்டு, வரிசையாக ஒவ்வொரு பெட்டி மூடியின் நடுவிலும் ஒரு வட்டம். அவள் கை சுத்தமான கை. எல்லா வட்டமும் ஒரே அளவாக விழுந்தன.

இரண்டு நாள் கழித்து வேலை தொடங்கியபோது கூரியர்க்காரர் வரும் நாள் தலைக்கு மேல் நின்றது. "யுவராணி, இருபதாம் நம்பர் எடுத்துட்டு வா. சிவப்பு பாத்து எடு. பஞ்செல்லாம் வேணாம், நேரமில்ல" என்று தன் நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள் மாரிக்கனி. யுவராணி அலமாரியிலிருந்து சிவப்பு பார்த்து நான்கு பெட்டிகள் எடுத்து வந்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தாள்.

பூச்சி கட்டும்போது கொக்கியின் வளைவை இடுக்கி கவ்விக்கொண்டிருக்கும். நாக்கு இருக்கும் இடம் சரியாக அதற்குள்தான் மறையும். கட்டி முடித்ததைப் பார்க்கிறவர்கள் இறக்கை நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சரக்கு போய்விட்டது.

கார்த்திகை மழையில் ஷெட்டைச் சுற்றிச் சேறாகக் கிடந்த ஒரு காலை, ராஜகுரு செல்போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அதில் ஒரு கொக்கியின் படம், விரல் நீளத்துக்குப் பெரிதாக்கியது. நாக்கு தெளிவாகத் தெரிந்தது. ஒரு ஆற்றங்கரையில் அதைப் போட்டுப் பிடிபட்ட ஒருவர் கடைக்காரரிடம் கத்த, கடைக்காரர் அந்தத் தேதிச் சரக்கு மொத்தத்தையும் திருப்பியிருந்தார். இன்னொரு தடவை நடந்தால் ஆர்டரே கிடையாது என்று எழுதியிருந்தது.

"யாரு எடுத்த பெட்டி இது?" என்றார் ராஜகுரு. கேட்டுவிட்டு அவர் பார்த்தது ஜன்னல் ஓரத்து நாற்காலியைத்தான்.

அந்தப் பார்வைக்கு மாரிக்கனி ஆயத்தமாக இல்லை. "பெட்டிய எடுத்தது யுவராணி அண்ணாச்சி," என்று அவள் வாய் சொல்லிவிட்டது. பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் திரும்ப எடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

யுவராணி எழுந்து நின்றாள். "சிவப்பு பாத்துத்தாங்க்கா எடுத்தேன். நாலுலயும் இருந்துச்சு."

பிளாஸ்டிக் பெட்டியை யாரும் தூக்கி எறிவதில்லை. காலியான நான்கும் அலமாரிக்கு அடியில் இருந்தன. மாரிக்கனி போய் எடுத்துவந்து, மூடிகளை எல்லாரும் பார்க்க மேஜைமேல் வரிசையாகக் கவிழ்த்தாள். இரண்டில் ஸ்டிக்கர் இருந்தது. இரண்டில் ஒன்றுமே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்ந்த பிசுக்குக்கூட இல்லை.

"எங்கடி சிவப்பு?"

"இருந்துச்சுக்கா. நெசமாத்தான் சொல்றேன். என் கண்ணால பாத்தேன்."

"இருந்தது எங்க போச்சு? உள்ள இருந்த கொக்கி நாக்க நீட்டி நக்கிருச்சா?"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ராஜகுருகூட, படபடப்பு தணிந்து, லேசாகச் சிரித்தார். மாரிக்கனிக்குப் பகடி அவ்வளவாக வராது. வாழ்நாளில் அவள் சொல்லி ஒரு கூட்டமே சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதுதான் அவளை இப்போதும் பாதிச் சோற்றில் எழுப்பிவிடுகிறது.

யுவராணி சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பையில் வைத்தாள். "வாரேன்க்கா," என்றாள். வழக்கம் அப்படித்தான், போகிறவர்கள் 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். அவள் வரவில்லை.

சந்தனம்மாள் தன் அண்ணன் மகனுக்கு யுவராணியைப் பேசிக்கொண்டிருந்தாள். பையன் காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறவன். ஐந்தாவதாக வந்து பார்த்தவர்கள். போட்டோவும் கையுமாகத் திரும்பாமல், தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கார்த்திகையோடு பேச்சு நின்றது. "செஞ்சது தப்புன்னா ஒத்துக்கிட்டுப் போவ வேண்டியதுதானே. இல்லாததை இருந்துச்சுன்னு சாதிக்கிற புள்ள நாளைக்கு வீட்டுல என்ன சாதிக்காது?" என்று சந்தனம்மாள் கேட்டபோது, மாரிக்கனி பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடிக்கவே இல்லை.

ஒரு வருஷம் போனது. சிலர் நின்றார்கள், சிலர் வந்தார்கள். ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு, ஒருத்திக்கு முதுகு வலி, இரண்டு பேர் திருப்பூருக்கே குடும்பத்தோடு போய்விட்டார்கள். சந்தனம்மாளும் மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவள், பேரனை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். மாரிக்கனி சரக்கு வந்தால் தனியாகத் தாளை விரித்து, தனியாகக் கையை வைத்தாள். சரியாகத்தான் வைத்தாள். சரி என்று சொல்ல ஆளில்லாததால் அதில் ருசி இல்லை.

மறுபடியும் ஆயுத பூசை வந்தது. இந்தத் தடவை ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்து வைத்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த சுகந்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அலமாரிக்கு வந்து, மாரிக்கனி விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு முதல் பெட்டிக்குக் குனிந்தாள்.

"எக்கா, அதுக்கு ஏற்கெனவே வச்சாச்சே," என்றாள் சுகந்தி. "பக்கத்துல இருக்கிறதுக்கு வைங்க."

மாரிக்கனி பார்த்தாள். சுகந்தி காட்டியது ஸ்டிக்கர்.

விரல் அப்படியே நின்றது. சந்தனம் தீர்ந்துபோன கிண்ணமும், சூடத்தோடு நின்ற ராஜகுருவும், ஒரே அளவாக வரிசையாக விழுந்த வெறும் குங்கும வட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தண்ணீர் தொட்டு வைத்த குங்குமம் பிளாஸ்டிக்கில் எத்தனை நாள் நிற்கும்? காய்ந்து உதிர்ந்திருக்கும். பெட்டியைத் துடைத்து அடுக்கியவர்கள் கையோடு போயிருக்கும். யுவராணி சிவப்பு பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள். நான்கிலும் இருந்திருக்கிறது. அதில் இரண்டுக்கு வைத்தது மாரிக்கனியின் கை.

"என்னக்கா, அப்படியே நின்னுட்டீக? சாப்பிடலையா காலையில?"

"பெட்டிக்கு வேணாம்," என்றாள் மாரிக்கனி. "பெட்டிக்கு மட்டும் வேணாம்."

தெரிந்த அன்றே அவள் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள் என்று எழுத நன்றாக இருக்கும். இருபத்திரண்டு நாள் ஆனது. ஒரு நாள் மழை. ஒரு நாள் கோட்டைச்சாமியின் ஆட்டோ டயர். பிறகு தீபாவளி, நல்ல நாளும் அதுவுமாக இதைப் போய்ப் பேசுவதா? இருபத்திரண்டாம் நாள் கோட்டைச்சாமியே கேட்டார்.

"ஏன் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்க? யாருக்குப் பூச்சி கட்டுற?"

அவள் சொன்னாள். முழுதையும் கேட்டுவிட்டு அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அந்தப் புள்ள திருச்சுழியில தாலுகா ஆபீசுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில நிக்குது. நான் லோடு இறக்கப் போகையில பாத்திருக்கேன்."

"சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மாரிக்கனி திருச்சுழி பஸ்ஸில் ஏறினாள். பையில் அரைக் கிலோ கருப்பட்டி மிட்டாய். வாங்கிய பிறகுதான் அது பெண் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போவது போல இருப்பதாகத் தோன்றியது. வேண்டாமென்று பையின் அடியில் தள்ளினாள்.

கடையில் பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றுக்கும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யுவராணி ஒரு கையால் ஜெராக்ஸ் மூடியைத் திறந்து மூடிக்கொண்டும், மறுகையால் மனுக்களைப் பிரித்துக்கொண்டும் இருந்தாள். எந்த மனுவில் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் சொன்னாள். அவளுக்கு இன்னும் அதே கண்தான்.

"வாங்கக்கா," என்றாள், நேற்றுப் பார்த்தவளைப் போல. "என்ன எடுக்கணும்? ஆதாரா?"

மாரிக்கனி கல்லாவை ஒட்டிச் சாய்ந்து, குரலைத் தணித்து, வரும் வழியெல்லாம் கோத்து வைத்ததைச் சொன்னாள். சந்தனம் தீர்ந்தது. குங்குமம் மட்டும் வைத்தது. அது உதிர்ந்தது.

"சத்தமாச் சொல்லுங்கக்கா. மிசினு சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

நிஜமாகவே கேட்கவில்லையா என்பது மாரிக்கனிக்கு இன்றுவரை தெரியாது. வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் காதைத் திருப்பினார். அவள் இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னாள். யுவராணி மெஷினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மாரிக்கனியை டீக்கடை மரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"நான் அன்னிக்குப் பஸ்ஸுல போகும்போதே கண்டுபிடிச்சுட்டேன்க்கா," என்றாள் டீயை ஆற்றிக்கொண்டே. "பெட்டி எடுத்த அன்னிக்கு என் கட்டை விரல் செவப்பா இருந்துச்சு. தாவணியில தொடச்சேன். ஸ்டிக்கரு கையில ஒட்டுமா? அப்பத் தோணல. பஸ்ஸுல தோணுச்சு."

"அப்பவே ஒரு போன் போட்டிருக்கலாமேடி."

"போட்டு? 'இருந்துச்சு'ன்னு சொன்னதுக்கே சிரிச்சீக. 'குங்குமம்'னு சொன்னா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீக."

மாரிக்கனி கையிலிருந்த டீ ஏடு கட்டியது. "வந்துரு தாயி. அண்ணாச்சிகிட்ட நான் பேசுறேன். என் நாற்காலியிலயே உக்காரு. எனக்கு முக்காலி போதும்."

யுவராணி சிரித்தாள். கோபமில்லாத சிரிப்புதான், அதுதான் தாங்க முடியவில்லை. "அந்த நாற்காலிய வச்சு நான் என்னக்கா செய்ய? இங்க நல்லாத்தான் இருக்கு. காகிதம் குத்தாது."

"பின்ன நான் என்னதான் செய்யட்டும்? சொல்லுடி."

யுவராணி டம்ளரை வைத்தாள். "அன்னிக்குப் பத்துப் பேரு முன்னாடி வச்சுச் சொன்னீக. இன்னிக்கு மரத்தடியில எனக்கு மட்டும் சொல்றீக. எனக்கு எதுக்குக்கா? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுககிட்டச் சொல்லுங்க."

மிட்டாயை எடுத்து நீட்டியபோது வாங்கிக்கொண்டாள். கடைக்குத் திரும்பியதும் பிரித்து, வரிசையில் நின்ற பெரியவருக்கும் ஒன்று கொடுத்தாள்.

மறுநாள் காலை எல்லாரும் உட்கார்ந்து, இடுக்கியைத் திருகத் தொடங்கும் முன், மாரிக்கனி நாற்காலியை விட்டு எழுந்து நடுவில் வந்து நின்றாள். ராஜகுருவையும் கூப்பிட்டு நிறுத்தினாள். ஒரு காலி பெட்டியின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, விரலை நனைத்து, குங்குமத்தைத் தொட்டு வைத்துக் காட்டினாள். நடந்தது இதுதான், யுவராணி சொன்னது நெசம், நான்தான் பொய்யாக்கினேன் என்று சொன்னாள். தடுமாறாமல் சொன்னாள். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள்.

பிறகு சுகந்தி மெதுவாகக் கேட்டாள்.

"யாருக்கா யுவராணி?"

மாரிக்கனி அப்போதுதான் முகங்களை எண்ணினாள். அன்று சிரித்தவர்களில் அந்த ஷெட்டில் மிச்சம் இருந்தது மூன்று பேர். அதில் ஒருத்தி லீவு. ஒருத்தி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "அது பழங்கதையாச்சேக்கா, இப்ப எதுக்கு?" என்றாள். மூன்றாவதாள் தலையைக் குனிந்து இறகைப் பிரித்தாள்.

ராஜகுரு செருமினார். "சரிம்மா. இனி பெட்டிக்கு வேற கலர் ஒட்டுவோம். பச்சை ஒட்டுவோம்." அதைச் சொல்லிவிட்டுப் போனவர், வாசலில் நின்று திரும்பினார். "நல்ல புள்ள அது," என்றார்.

மதியச் சாப்பாட்டின்போது புதியவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் புள்ள எப்படி இருக்கும், என்ன பேசும் என்று கேட்டார்கள். மாரிக்கனி பெண் பார்க்க வருகிறவர்கள் கதையைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து, நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று போன் செய்தாள். மூன்றாவது ரிங்கில் எடுத்தாள் யுவராணி. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டேன்டி. எல்லாரு முன்னாடியும்."

"யார் யாருக்கா இருந்தாக?"

மாரிக்கனி பெயர்களைச் சொன்னாள். சுகந்தி, சுகப்பிரியா, ஒச்சம்மாள்... யுவராணிக்குத் தெரியாத பெயர்கள். அவளும் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டே வந்தாள், தெரிந்த ஒருத்திக்காகக் காத்திருப்பது போல.

"சந்தனம்மா அத்தை இருந்தாகளா?"

"அவுக திருப்பூருல இருக்காகடி. நின்னு எட்டு மாசமாச்சு." வேகமாகச் சேர்த்துக்கொண்டாள்: "நம்பரு வாங்கியிருக்கேன். ராத்திரி போன் போட்டு அவுககிட்டயும் சொல்லிர்றேன். அவுக அண்ணன் மகன்கிட்ட..."

"அவனுக்கு ஆவணியில கல்யாணம் முடிஞ்சுருச்சுக்கா."

மெஷின் இரண்டு தாள் தள்ளும் சத்தம் கேட்டது.

"சந்தனம்மா அத்தைகிட்டச் சொல்லுங்க," என்றாள் யுவராணி. "கல்யாணத்துக்காக இல்லாட்டியும் சொல்லுங்க. சரிக்கா, ஆளு நிக்குது. வைக்கிறேன்."

திருச்சுழிப் பக்கமிருந்து வந்த பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மாரிக்கனி ஏறவில்லை. சந்தனம்மாளின் நம்பரை அழுத்தினாள். சுவிட்ச் ஆஃப் என்றது. அடுத்த பஸ் வருவதற்குள் இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.